சைக்கிளுக்கு மோட்டார் போடுபவர்களுக்கு: எந்த பெடல் சென்சார் வாங்குவது?

வீட்டில் கிடக்கும் சைக்கிளுக்கு மோட்டார் மாட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. மோட்டார் எத்தனை வாட்? ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்? சென்சாரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. கிட் பெட்டிக்குள் காந்தம் பதித்த ஒரு சின்ன பிளாஸ்டிக் வட்டு இருக்கும்; அதை கிராங்கில் (பெடல் பூட்டிய தண்டில்) மாட்டி அனுப்பிவிடுவார். ஆனால் வண்டி காலுக்கு அடங்கி நடக்கிறதா, கட்டறுத்த கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்பது பெரும்பாலும் அந்த வட்டையும், அதன் சேதியைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரையும் பொறுத்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காவிரி டெல்டாவில் பெரும்பாலானவர்களுக்கு 12 காந்தம் வைத்த கேடன்ஸ் சென்சாரும் (பெடல் சுற்றுவதை உணர்வது), கரன்ட் கன்ட்ரோல் முறையில் (மின்சாரத்தை அளந்து தருவது) ஓடும் கன்ட்ரோலரும், கூடவே கையால் திருகும் ஒரு த்ராட்டிலும் போதும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் நல்ல சாமான்தான். அதற்குக் காசு கொடுக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கீழே வருகிறது. வாங்கவே கூடாதது, எந்த சென்சார் இருந்தாலும் ஸ்பீடு கன்ட்ரோல் முறையில் (வேகத்தைக் குறிவைத்துத் தள்ளுவது) ஓடும் மலிவு கன்ட்ரோலர்.

கேடன்ஸ் சென்சாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பெடல் சுற்றுகிறதா, இல்லையா. கிராங்க் அச்சில் காந்த வட்டு, பக்கத்தில் ஃபிரேமோடு ஒட்டிய, காந்தத்தை உணரும் ஹால் சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு போகும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சும்மா காலைச் சுழற்றினாலும் அதற்கு மிதிப்புதான்.

டார்க் சென்சார் அழுத்தத்தை அளக்கிறது. நாம் மாட்டும் கிட்களில் அது பெரும்பாலும் பிபி அச்சோடு (கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் அச்சு) சேர்ந்தே வரும். மிதிக்கும்போது அச்சில் ஏற்படும் மிகச் சிறிய முறுக்கத்தையோ வளைவையோ ஸ்ட்ரெயின் கேஜ் பிடித்து மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. கன்ட்ரோலர் அதை ஒன்றரை மடங்கோ, இரண்டு மடங்கோ பெருக்கி மோட்டாருக்குத் தருகிறது. 1993இல் ஜப்பானில் யமஹா கொண்டுவந்த பாஸ் சைக்கிள் அழுத்தத்தை அளக்கும் இந்த வழியில்தான் தொடங்கியது. கேடன்ஸ் வட்டு அதற்கு எளிய, மலிவான மாற்றாகப் பரவியது.

மூன்றாவது வழி, சென்சாரே இல்லாமல் வெறும் த்ராட்டில். டிவிஎஸ் எக்செல் ஓட்டிப் பழகிய கைகளுக்கு இதுதான் முதலில் பிடிக்கும். குறை என்னவென்றால் கொஞ்ச நாளில் கால் மிதிப்பதையே விட்டுவிடும். அப்புறம் பேட்டரி பாதி வழியில் தீர்ந்து, மோட்டார் எடையும் சேர்ந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். துணைக்கு த்ராட்டில் வேண்டும். அதையே நம்பி இருக்கக் கூடாது.

சட்டத்தையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பெடல் உதவி சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டாரும் நிற்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 500 வாட், 750 வாட் என்று ஆசை காட்டுபவரிடம் ஏமாற வேண்டாம். சமதரையில் அது தேவையும் இல்லை.

நம் ஊருக்கே உரிய விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை மலைப்பாதையை வைத்து எழுதியவை. கல்லணையிலிருந்து நாகப்பட்டினம் வரை மிதித்துப் போனாலும் நாம் பார்க்கும் ஏற்றம் எல்லாம் வாய்க்கால் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். நமக்கு மலை என்பது காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது திருவாரூரிலிருந்து மேற்கே தஞ்சாவூர் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறிக்கொள்ளும். கடலை நோக்கிப் போகிறவர்களின் முறை அப்போது வரும்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிள், ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 100 வாட் வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் அதே வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் ஆகும். வேலை இரட்டிப்பு. இந்த இரட்டிப்பை ஒவ்வொரு வகை சென்சாரும் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

டார்க் சென்சாரில் மோட்டார் உங்கள் மிதிப்பைப்போல் இரண்டு மடங்கு தருவதாக வைத்தால், காற்றில்லாத நாளில் உங்கள் பங்கு 33 வாட், மோட்டாரின் பங்கு 67. எதிர்க்காற்றில் உங்கள் பங்கு 70ஐத் தாண்டும், மோட்டாரின் பங்கும் அதே விகிதத்தில் ஏறும். ‘டார்க் சென்சார் காற்றைத் தானே உணர்ந்து உதவும்’ என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் உழைப்பும் கூடவே இரட்டிப்பாகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. உழைக்கத் தெம்பு இருப்பவருக்கு இது இயல்பாக இருக்கும். கால் வலுவாகிவிட்டதுபோல் தோன்றுமே தவிர, மோட்டார் ஓடுவதே தெரியாது.

கேடன்ஸ் சென்சாரும் கரன்ட் கன்ட்ரோலும் என்றால், நீங்கள் வைத்த உதவி லெவலுக்கு ஒரு நிலையான அளவு மின்சாரம் போகும். காற்று வந்தால் வேகம் குறையும். கட்டைவிரலால் ஒரு லெவல் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான்கைந்து நாளில் இது கைப்பழக்கம் ஆகிவிடும்.

அதே கேடன்ஸ் சென்சாரை ஸ்பீடு கன்ட்ரோல் கன்ட்ரோலரில் செருகினால் கதை மாறிவிடுகிறது. அதில் லெவல் என்பது வேகம். லெவல் இரண்டு என்றால் இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று வைத்திருப்பார்கள். அந்த வேகத்தை எட்டும்வரை கன்ட்ரோலர் தன் முழுக் கரன்ட்டையும் தள்ளும். 36 வோல்ட், 15 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால் 540 வாட் வரை பேட்டரியிலிருந்து இழுக்கும். எதிர்க்காற்றில் அந்த வேகத்தை எட்ட நேரமாகும், எட்டினாலும் அதைக் காக்க நிறைய இழுத்துக்கொண்டே இருக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பதே 360 வாட்மணி. கிலோமீட்டருக்கு 8 வாட்மணி செலவானால் 45 கிலோமீட்டர், 12 ஆனால் 30 கிலோமீட்டர். ‘கேடன்ஸ் சென்சார் பேட்டரியைக் குடிக்கிறது, திடுக்கென்று இழுக்கிறது’ என்ற கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தக் கன்ட்ரோலரால் வந்தது. பாவம், சென்சார் மேல் பழி.

இனி கிளம்பும் நேரம். கேடன்ஸ் சென்சாருக்குச் சில துடிப்புகள் வந்தால்தான் ‘ஆள் மிதிக்கிறார்’ என்று கன்ட்ரோலர் நம்பும். வட்டில் 5 காந்தம் இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் கிராங்க் 72 பாகை திரும்ப வேண்டும். 12 இருந்தால் 30 பாகை. நின்ற இடத்திலிருந்து சுமையோடு கிளம்பும்போது ஒரு சுற்றுக்கு நான்கு வினாடி ஆகிறது என்று கொள்ளுங்கள். மூன்று துடிப்புக்கு 5 காந்த வட்டில் இரண்டரை வினாடி ஓடிவிடும். 12 காந்த வட்டில் ஒரு வினாடி. நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்ததும் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது அந்த ஒன்றரை வினாடியின் அருமை தெரியும். 12 காந்த வட்டின் விலை 5 காந்த வட்டைவிட அப்படி ஒன்றும் அதிகமில்லை. கேட்டு வாங்குங்கள்.

ஆனாலும் கியர் இல்லாத சைக்கிளில் கேரியரில் 45 கிலோ யூரியா மூட்டையை வைத்துக் கிளம்பும்போது முதல் மிதிதான் மிகக் கனமானது, அந்த மிதியில் கேடன்ஸ் சென்சார் உதவாது. டார்க் சென்சார் உதவும். கால் அழுந்தி கிராங்க் கொஞ்சம் அசைந்ததும் மோட்டார் கைகொடுக்கும். த்ராட்டிலும் உதவும், விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல். கிளம்பும்போது ஒரு திருகு, ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடலாம். அதனால்தான் த்ராட்டில் இல்லாத கேடன்ஸ் கிட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தாமதம் நல்லதாக அமையும் இடமும் உண்டு. நம் பெரியவர்கள் சைக்கிளில் ஏறும் விதத்தைக் கவனியுங்கள். இடது காலை மிதியில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி வேகம் பிடித்து, காலைப் பின்னால் தூக்கிப் போட்டு ஏறுவார்கள். அந்தரத்தில் ஒரு கால் இருக்கும்போது மோட்டார் இழுத்தால் விழுவது நிச்சயம். கேடன்ஸ் சென்சாரில் கிராங்க் சுற்றாதவரை எதுவும் நடக்காது. டார்க் சென்சாரில், கிராங்க் சுழற்சியும் வேண்டும் அழுத்தமும் வேண்டும் என்று இரண்டையும் பார்க்கும் வகையாக இருந்தால் சரி. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் வகை இப்படி ஏறுபவர்களுக்கு ஆகாது. இன்னொன்று: பல டார்க் சென்சார்கள் சுவிட்ச் போடும் நேரத்தில்தான் பூஜ்யத்தைக் குறித்துக்கொள்கின்றன. மிதியில் காலை வைத்துக்கொண்டே சுவிட்ச் போட்டால் அந்த எடையையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அன்று முழுக்க வண்டி மந்தமாக ஓடும். சென்சார் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் அணைத்து, காலை எடுத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

நிற்பதைப் பற்றிப் பேசாமல் கேடன்ஸ் வாங்கக் கூடாது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம், அரை வினாடியோ அதற்குச் சற்று மேலோ, மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். தைப் பிறந்தால் நம் சாலைகளில் பாதியில் நெல் காயும். நெல்லின் மேல் சக்கரம் ஏறும்போது அந்த அரை வினாடித் தள்ளல் வண்டியைச் சறுக்கிவிடும். இதற்குத்தான் பிரேக் கட்ஆஃப்: பிரேக் பிடித்த நொடியில் மோட்டார் நிற்கும். கிட்டோடு வரும் கட்ஆஃப் கைப்பிடிகள் எல்லாம் கேபிள் பிரேக்குக்கு உரியவை. நம் வீட்டு சைக்கிளோ கம்பி (ராட்) பிரேக். கைப்பிடியை மாற்ற முடியாதே என்று கட்ஆஃபையே விட்டுவிடுகிறார்கள், அது ஆபத்து. காந்தமும் சின்ன சென்சாரும் தனித்தனியாக ஒட்டும் வகை கட்ஆஃப் கிடைக்கிறது. காந்தத்தைக் கம்பி பிரேக்கின் கைப்பிடியில், சென்சாரை ஹேண்டில்பாரில் ஒட்டி, கைப்பிடி கொஞ்சம் அசைந்ததும் மோட்டார் நிற்கிறதா என்று பார்த்து இறுக்கிவிட்டால் போதும். டார்க் சென்சார் வண்டியில் காலை எடுத்ததும் அழுத்தம் போய்விடுவதால் மோட்டார் சீக்கிரம் அடங்கும். அதிலும் கட்ஆஃப் நல்லதுதான், இல்லாவிட்டாலும் இவ்வளவு பயம் இல்லை.

மாட்டும் வேலையில் பழைய சைக்கிள் நம்மைச் சோதிக்கும். பிபி டார்க் சென்சார்கள் சதுர முனை அச்சோடு, 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலத்துக்கு வருகின்றன. நம் பழைய கறுப்பு சைக்கிளில் இருப்பது, அச்சோடு இறுக்க காட்டர் பின் அடித்த கிராங்க். டார்க் சென்சார் வேண்டுமென்றால் அச்சு, கப்பு, கிராங்க் எல்லாம் காட்டர்லெஸ் செட்டுக்கு மாற வேண்டும். அதற்கு முன் பிபி கூட்டின் அகலத்தையும் மரையையும் அளந்து பார்க்க வேண்டும். கேடன்ஸ் வட்டிலும் சதுர அச்சில் நுழைத்து மாட்டும் வகை காட்டர் அச்சில் நிற்காது. இரண்டு பாதியாகப் பிரிந்து அச்சைக் கவ்வும் வட்டு கிடைக்கிறது. காட்டர் கிராங்கைக் கழற்றாமலே மாட்டலாம். சுத்தியலால் காட்டர் பின்னை அடித்து வெளியே எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம். பல வட்டுகளுக்குச் சுற்றும் திசை உண்டு. வலதுபக்க வட்டை இடதுபக்கம் மாட்டினால் முன்னால் மிதிப்பதைப் பின்னால் மிதிப்பதாக எண்ணி மோட்டார் கிளம்பாது.

கிராங்க் இருக்கும் இடத்திலேயே மோட்டார் உட்காரும் மிட் டிரைவ் கிட்களும் இருக்கின்றன. டாங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 டார்க் சென்சாரோடு வருகிறது, பாஃபாங் பிபிஎஸ்02 கேடன்ஸ் முறையில் ஓடுகிறது. கியர் சைக்கிளில், ஏற்றத்தில்தான் அவற்றின் பெருமை. கியர் இல்லாத சைக்கிளுக்குச் சமதரையில் சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டாரே போதும்.

பராமரிப்பில் நம் மண்ணும் சேர்ந்து விளையாடும். அறுவடைக் காலத்தில் சாலையெல்லாம் வைக்கோல். ஒரு துரும்பு கிராங்க் அச்சில் சுற்றிக்கொண்டால், சுற்றச் சுற்ற அது கயிறாகத் திரண்டு வட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் புகுந்து சென்சாரை வெளியே தள்ளிவிடும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் காந்தத்தை அது உணராது. மோட்டார் விட்டு விட்டு ஓடினால் முதலில் குனிந்து அங்கே பாருங்கள். வைக்கோலை அறுத்து எடுத்து, சென்சாரைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் சரியாகிவிடும். வண்டல் சேறு படிந்தாலும் கவலை இல்லை, காந்தத்துக்கும் ஹால் சென்சாருக்கும் சேறு ஒரு பொருட்டில்லை, துடைத்தால் போதும்.

டார்க் சென்சாருக்கு எதிரி தண்ணீர். ஐப்பசி மழையில் சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது சைக்கிளின் பிபி கூடு மூழ்கித்தான் வரும். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீரும் அந்தக் கூட்டில்தான் சேரும். சென்சாரே அடைப்போடு வந்தாலும் ஒயர் வெளியே வரும் இடமும் கனெக்டரும் நனைந்தால் வோல்டேஜ் அலையும், மோட்டார் தன்னிஷ்டத்துக்கு ஆடும். கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்வதும், கனெக்டரைக் கூட்டுக்கு மேலே தூக்கிக் கட்டுவதும் அவசியம். கேடன்ஸ் சென்சார் பிசினில் அடைத்து வருவதால் தண்ணீரைத் தாங்கும். போனாலும் மூன்று ஒயர், சில நூறு ரூபாய். ஒன்றை வாங்கி வீட்டில் போட்டு வைத்தால் சைக்கிள் கடைப் பையனே மாற்றித் தருவான். டார்க் சென்சார் போனால் பல ஆயிரம். அதே மாடல் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும்வரை வண்டி திண்ணையில் நிற்கும். இன்னொன்று, டார்க் சென்சாரை வாங்கி எந்தக் கன்ட்ரோலரிலும் செருகிவிட முடியாது; அந்த வோல்டேஜைப் படிக்கத் தெரிந்த கன்ட்ரோலர் தனியாக வேண்டும்.

யாருக்கு எது என்று இப்போது சொல்லலாம்.

மூட்டு வலி உள்ள அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்குகிறீர்கள் என்றால் கேடன்ஸ்தான். ‘விலை கூடினாலும் பரவாயில்லை, நல்லதாக இருக்கட்டும்’ என்று பிள்ளைகள் டார்க் சென்சார் வாங்கித் தருவதைப் பார்க்கிறேன். அது அழுத்தினால்தான் தரும். அழுத்தத்தானே முட்டி விடுவதில்லை? கேடன்ஸில் காலை மெதுவாகச் சுழற்றினாலே போதும். லெவலை ஏற்றி வைத்துக்கொண்டு கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போய் வரலாம். பால்கேன், உர மூட்டை, மீன்கூடை கட்டுபவர்களுக்கும் கேடன்ஸும் த்ராட்டிலும்தான். சுமையோடு நின்று கிளம்புவதுதான் அவர்கள் பாடு, ரிப்பேருக்கு நாள்கணக்கில் காத்திருக்கவும் முடியாது.

டார்க் சென்சாருக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது முதலில், தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் மிதிக்கும் தெம்பு உள்ளவர்களுக்கு. மன்னார்குடியிலிருந்து வடுவூர் வரை போய் வருவதை உடற்பயிற்சியாகவே வைத்துக்கொள்பவர் என்று வையுங்கள். மிதிப்பின் சுகமும் பேட்டரி சிக்கனமும் அவருக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். இரண்டாவது, ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போக வேண்டியவர்களுக்கு. ஒரு பக்கம் வெண்ணாறு, மறுபக்கம் நாற்றங்கால், நடுவில் ஒரு முழப் பாதை. வளைவில் மெதுவாகக் காலை அசைக்கும்போது திடுமென்று வரும் தள்ளல் வேண்டாம். கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே தருவது டார்க் சென்சார்தான். கேடன்ஸில் அங்கே போவதென்றால் லெவலைப் பூஜ்யத்தில் வைத்து, மோட்டார் இல்லாமல் காலாலேயே மிதிப்பதே பத்திரம். இவர்கள் இரண்டு காலின் அழுத்தத்தையும் அளக்கும் சென்சாராகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான சில வகைகள் இடது காலை மட்டும் அளந்து மிச்சத்தை ஊகிக்கின்றன. மெதுவாகப் போகும்போது அந்த ஏற்ற இறக்கம் காலுக்குத் தெரியும்.

கன்ட்ரோலர் எந்த வகை என்று விற்பவரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்களே கண்டுபிடிக்கலாம். மோட்டார் சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து, லெவல் ஒன்றில் கையால் பெடலைச் சுற்றுங்கள். சக்கரம் ஒரு மெதுவான வேகத்தில் நின்றுகொண்டு, லெவலை ஏற்ற ஏற்ற வேகம் படிப்படியாகக் கூடினால் அது ஸ்பீடு கன்ட்ரோல். லெவல் ஒன்றிலேயே விர்ரென்று முழு வேகத்துக்கும் போனால் பெரும்பாலும் கரன்ட் கன்ட்ரோல். சுமை இல்லாத சக்கரத்துக்கு அந்தக் குறைந்த கரன்ட்டே போதும், அதனால்தான். பார்க்க முதல் வகை சாதுவாகவும் இரண்டாவது முரடாகவும் தெரியும். சாலையில் இறக்கினால் நேர்மாறு. அதன் பிறகு காசு கொடுப்பதற்கு முன், பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில், நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள்.